தமிழ்க் கணக்கில் இருள மொழி

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ‘வீடு’ என்று யார் பேசுகிறார்கள்? வூடுதான். பெட்டி பொட்டியாகிறது, பெண் பொண்ணாகிறாள். உதட்டில் பிறக்கும் ப, ம, வ முன்னாலும், நா மடியும் ட, ண பின்னாலும் நின்றால் இடையிலுள்ள இகரம் உகரமாகும், எகரம் ஒகரமாகும். குடகு மொழியிலும் இதே கதைதான். ஆனால் பின்னால் ட, ண நின்றும் முன்னால் உதட்டொலி இல்லாத இடங்களில் இகரமும் எகரமும் அங்கே வாயின் நடுவுக்கு நகர்ந்து புது உயிர்களாகிவிட்டன. நீலகிரி இருளர் மொழியிலும் நடுவாய் உயிர்கள் உண்டு. நம் பன்னிரண்டு உயிரெழுத்தில் அவற்றுக்கு இடமில்லை. அதனால் இருளப் பாட்டைத் தமிழில் எழுதினால் தமிழ் போலவே தெரியும். ‘கொச்சைத் தமிழ்’ என்ற பட்டம் அப்படிக் கிடைத்ததுதான்.

பழகாத காதுக்கு எந்த மொழியும் பாதிதான் விழும். பப்புவாவில் இயாவு என்றொரு சிறு மொழி. வினைச்சொல்லின் சுரம் மாறினாலே செயல் முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா என்பது மாறிவிடும். சுரத்தை விட்டு எழுதினால் இலக்கணமே போயிற்று.

ஜெரார்ட் டிஃப்லோத் 1968இல் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்து, இருளத்தைத் தமிழின் நெருங்கிய உறவு என்றார். கமில் சுவலபில் 1973 முதல் அதைப் பற்றித் தனி நூல்களே எழுதினார். உறவுக்காரரை நம் குடும்ப அட்டையில் சேர்த்துக்கொண்டது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2011 பட்டியலில் ‘தமிழ்’ என்ற தலைப்பின் கீழ் ஓர் உள்வரியாக இருக்கிறது இருளம். பேசுவோர் ஏறக்குறைய 12 ஆயிரம். தமிழ்நாட்டு இருளர் தொகையோ சுமார் 1.9 லட்சம்.

நம் ஊர் இருளர் பேசுவது தமிழ். இங்கே இருளர் என்றாலே பேச்சு சாதிச் சான்றிதழில்தான் தொடங்கும். நியாயம்தான், கோட்டாட்சியர் கையெழுத்து இல்லாமல் பிள்ளையின் படிப்பு நகராது. செங்கல் சூளையில் குடும்பத்தோடு கிடப்பவரிடம் மொழியைக் காப்பாற்று என்று சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் மொழி இன்னும் புழங்கும் நீலகிரியிலும் கோவையிலும் ஒரு காரியம் செய்யலாம். 10 ஆயிரம் பேருக்குக் குறைவாகப் பதிவாகும் தாய்மொழிகள் அந்தப் பட்டியலில் பெயரோடு வருவதில்லை. இன்னும் இரண்டாயிரம் பேர் குறைந்தால் இருளத்தின் அந்த உள்வரியும் இருக்காது. 2027இல் கணக்கெடுக்கப் போகும் ஆசிரியர்கள், தாய்மொழிக் கேள்விக்கு வந்ததும் ‘தமிழ்தானே?’ என்று தாங்களே கேட்டுத் தாங்களே பதிந்துவிடாமல், எதிரே இருப்பவர் வாய் திறக்கும்வரை காத்திருக்கட்டும்.