தேத்தாங்கொட்டை கிடைக்குமா?

ராத்திரி பதினொன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. கண்ணாடி கிளாஸில் புதுவெள்ளம் வந்த வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று. கூடவே ஒரு வரி: 'டேய், தேத்தாங்கொட்டை கொரியர்ல அனுப்புவியா?'

அனுப்பியவன் பி.காமில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். இப்போது மான்செஸ்டரில் கணக்கு எழுதுகிறான். அந்த ஊரில் வீட்டில் பீர் காய்ச்சுவது நம்மூரில் வடாம் போடுகிற மாதிரி. 1963 வரை அதற்கும் லைசென்ஸ் வேண்டியிருந்தது, அப்புறம் எடுத்துவிட்டார்கள். விற்காமல் குடித்தால் கேட்பாரில்லை. (தமிழ்நாட்டு வாசகர்கள் பக்கெட் தேடிப் புறப்பட வேண்டாம். இங்கே 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'அப்போ டாஸ்மாக்?' என்று கேட்டால், அது அரசாங்கம் சார், நீங்கள் வேறு!)

போன் போட்டேன். 'கலங்கலாவே இருக்குடா. ரெண்டு வாரத்துல ஆபீஸ்ல கிறிஸ்துமஸ் பார்ட்டி. பாட்டில்ல கேஸ் ஏறவே ரெண்டு வாரம் ஆகும். இன்னிக்கே அடைச்சாகணும்' என்றான். 23 லிட்டர் சரக்கு. நாற்பது பாட்டிலும் கழுவி ரெடி. அம்மாவிடம் 'ஒரு கஷாயம் தெளியலை' என்று நாசூக்காகச் சொல்ல, 'பானை உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசுடா, தெளிஞ்சுடும்' என்றிருக்கிறார். அம்மாவுக்கு என்ன தெரியும், பாவம்.

ஆனால் யோசனை ஒன்றும் தப்பில்லை. கலங்கலாகத் தெரிவதில் பெரும்பாலும் ஈஸ்ட்டும் புரதமும்தான். பொடிப்பொடியாக மிதப்பவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கனமானால் மளமளவென்று அடியில் இறங்கும். அப்படி ஒட்டவைக்கத்தான் வெள்ளைக்காரன் ஜெலட்டின் போடுகிறான். இல்லாவிட்டால் ஐசிங்கிளாஸ். பெயரைக் கேட்டால் ஏதோ ஐஸ்கிரீம் மாதிரி இருக்கிறதே தவிர, சாட்சாத் மீனின் காற்றுப்பை!

இங்கேதான் சிக்கல். நம்மாள் சுத்த சைவம். பீர் குடிப்பான், முட்டை போட்ட கேக் தொடமாட்டான். ஜெலட்டின் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் வருகிறது என்று கேட்டதுமே பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். மீன் சமாச்சாரத்தை நான்தான் சொல்லித் தொலைத்தேன். இங்கிலாந்து பப்களில் பீப்பாயிலிருந்து இறக்கும் ஏல் காலங்காலமாக இப்படித் தெளிந்து வந்ததுதான். கின்னஸ்காரர்களே மீனைக் கைவிடுவதாக 2015-ல்தான் அறிவித்தார்கள். ஐந்து நிமிஷம் மறுமுனையில் பேச்சே இல்லை. பத்து வருஷமாகக் குடித்ததை எண்ணிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

சைவத்துக்கும் வழியுண்டு. ஐரிஷ் மாஸ் என்று ஒரு கடல்பாசி. ஆனால் அதைக் கொதிக்கும்போதே, கடைசிப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் போடவேண்டும். இவனோ கொதித்து, ஆறி, புளித்த பிறகு விழித்துக்கொண்டவன். 'போடா, கலங்கலோடயே அடைச்சுடறேன்' என்று போனை வைத்துவிட்டான்.

அடைத்திருப்பான். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு பெரியவர் நல்லவேளையாக எட்டிப்பார்த்தார். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கவே இல்லையாம். 'ஹைட்ரோமீட்டர் எங்கே?' என்றாராம். பால் சொஸைட்டியில் லாக்டோமீட்டர் விடுவார்களே, அதன் ஒன்றுவிட்ட தம்பி. மிதக்கவிட்டால் 1.020. இறங்கி நிற்கவேண்டிய இடம் 1.010 பக்கம். அதாவது கலங்கலுக்குக் காரணம் தெளியாமை அல்ல. ஈஸ்ட் இன்னும் டியூட்டியில் இருக்கிறது. சர்க்கரையைத் தின்று வாயு விட்டுக்கொண்டிருக்கிறது.

பாட்டிலில் நுரை வர லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை போதும். இவன் பக்கெட்டில் மிச்சமிருந்தது அதைப்போல நாலு மடங்கு. மூடி போட்டால் அவ்வளவும் பாட்டிலுக்குள்தான் வாயுவாகும். தாங்குகிறவரை தாங்கும், அப்புறம் வெடிக்கும். கண்ணாடி சார். பாட்டில்களை அடுக்க அவன் பார்த்துவைத்த இடம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரி. அவனுடைய நாலு வயசுப் பெண் ஒளிந்து விளையாடுகிற இடமும் அதுதான்.

இதைச் சொல்லும்போது பயலின் குரல் இறங்கிவிட்டது. குளோஸிங் ஸ்டாக் எடுக்காமல் கணக்கை முடிக்கக் கூடாது என்று எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு பேருமே அந்த கிளாஸுக்கு மட்டம்.

பார்ட்டிக்கு சூப்பர்மார்க்கெட் டின் பீர் போனது. பக்கெட் சும்மா கிடந்தது. மூன்று நாள் தொடர்ந்து 1.010-லேயே நின்ற பிறகு தோட்டத்து ஷெட்டுக்குத் தூக்கிப்போனான். டிசம்பர் குளிர், ஃபிரிட்ஜ் தேவையில்லை. குளிரில் ஈஸ்ட் சோம்பி அடியில் படுத்துவிடும். ஒரு வாரத்தில் மீனுமில்லை, கொட்டையுமில்லை, பேப்பர் படிக்கலாம் போலத் தெளிந்துவிட்டது. வண்டலைக் கலக்காமல் மேலாக டியூப் போட்டு இறக்கி, அளந்து சர்க்கரை சேர்த்து அடைத்தான். தெளிந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் மிச்சமிருக்கும் ஈஸ்ட் நுரைக்குப் போதுமாம்.

ஜனவரி கடைசியில் ஆபீஸ் நண்பர்களைக் கூப்பிட்டிருந்தான். முதல் நாள் ராத்திரி மறுபடி போட்டோ. மறுபடி கலங்கல்! ஃபிரிட்ஜில் நன்றாகச் சில்லென்று வைத்திருக்கிறான். அந்தக் குளிரில் புரதமும் மால்ட்டின் துவர்ப்புச் சத்தும் கைகோத்துக்கொண்டு புகைமூட்டம் போடும். வெளியே வைத்துச் சூடு ஏறினால் தானே மறையும், ருசிக்குக் கெடுதல் இல்லை என்று சொன்னேன்.

'வெதுவெதுப்பா பீர் கொடுக்கச் சொல்றியா?' என்று கோபித்துக்கொண்டான்.

கடைசியில், கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளர்களை இறக்கி அதில் ஊற்றிக் கொடுத்திருக்கிறான். வெள்ளைக்காரர்கள் டம்ளரைத்தான் பாராட்டினார்களாம்.