அடுப்புக்கரியும் ஆஸ்பத்திரிக் கரியும்

சென்ற மாதம் திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். கதவைத் திறந்த கல்லூரி மாணவி எம்மைக் கண்டதும் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நெற்றி முதல் மோவாய் வரை கன்னங்கரேலென்று ஏதோ அப்பியிருந்தது. "பயப்படாதீங்க சாமி, கடையில வாங்கின கரிதான். முகத்து அழுக்கையெல்லாம் இழுத்துடுமாம்" என்று பாட்டியார் சிரித்தார். "நாங்க திருஷ்டிக்கு வெச்சோம், இதுங்க அழகுக்கு வெக்குதுங்க."

மதிப்பிழந்து கிடந்த கரிக்கு மறுபடியும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் கடைத்தெருக்களில் கரிச் சோப்பு, கரிப் பற்பசை, கரிக் குளிகை என்று பலவும் அடுக்கப்பட்டுள்ளன. எம் சிறுவயதில் செங்குன்றத்து அரிசி ஆலை உமி வீட்டிற்கு வரும். அதைக் குவித்து மூட்டம் போட்டு, கிடைத்த கரியோடு உப்பைச் சேர்த்து இடித்து, இடக்கையில் கொட்டி விரலால் பல் தேய்த்தோம். அன்று காசில்லாததற்குக் கரி. இன்று காசு கொடுத்துக் கரி!

ஆனால் இரண்டும் ஒரே கரியல்ல. மருத்துவத்துக்கு உதவுவது 'செயலூட்டிய கரி'. கொட்டாங்கச்சியையோ மரத்தையோ காற்றுப்படாமல் கரியாக்கி, பின்னர் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் நீராவியைச் செலுத்துவார்கள். அப்போது கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடித் துளைகள் திறக்கின்றன. அத்துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் ஒரே ஒரு கிராம் கரி சுமார் 1,000 சதுர மீட்டர் இடத்தை அடைக்கும். இப்பகுதியில் மனை வாங்கப் படும் பாட்டை அறிந்தவர்களுக்குச் சொன்னால், நான்கு கிரவுண்டுக்கு மேல்! அச்சுவர்களில் ஒட்டக்கூடியது எது வந்தாலும் கரி பற்றிக்கொள்ளும். நல்லது, கெட்டது என்று அது பார்ப்பதில்லை. இந்த ஒரு குணத்தை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

அந்த மாணவியின் முகப்பூச்சால் பெருங்கேடு ஒன்றும் வந்துவிடாது. தோலுக்குள்ளிருந்து நஞ்சை இழுக்கும் என்று விளம்பரம் சொல்வதற்குத் தக்க சான்று இல்லை, அவ்வளவே. சோப்பிலும் பசையிலும் குழைத்த கரியின் துளைகளை, குழைத்த பொருள்களே பெரும்பாலும் அடைத்துவிடுகின்றன. காயவிட்டு உரித்தெடுக்கும் வகை மட்டும் பூனை மயிரையும் மேல்தோலையும் சேர்த்துப் பிடுங்கும்.

பல் விஷயத்தில் அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது. உமியின் சாம்பலில் பெரும்பகுதி மணலின் இனமான சிலிக்கா. தேய்க்கத் தேய்க்கப் பல்லின் மேற்பூச்சு தேயும். தேய்ந்தது மீண்டும் வளராது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017-இல் வந்த ஆய்வுத் தொகுப்பும், கரிப் பற்பசைகள் தீங்கற்றவை, பயனுள்ளவை என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே கூறிற்று. எம் பீடச்சிறுவன் ஒருவன் தூபக்கலசத்துக்கு வாங்கிய கரிவில்லையை நுணுக்கிப் பல் துலக்கிக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தோம். அவ்வில்லைகள் சட்டென்று பற்றுவதற்காக வெடியுப்புச் சேர்த்தவை!

கரி உண்மையாகவே உயிர்காக்கும் இடம் ஒன்று உண்டு. நச்சுப்பொருளையோ அளவுக்கு மீறி மாத்திரைகளையோ விழுங்கியவருக்கு மருத்துவமனையில் இதைக் கரைத்துக் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 50 கிராம். துளைகளைப் பரப்பினால் பன்னிரண்டு ஏக்கர். நஞ்சு குருதியில் சேருமுன் குடலிலேயே அதைக் கட்டிப்போடுவது நோக்கம். எனவே முதல் ஒரு மணி நேரத்தில்தான் பயன் மிகுதி. நம் வீட்டு வாசல்களிலும் நிற்கும் மஞ்சள் அரளியின் விதையை உண்டவர்களைப் பற்றி இலங்கையில் ஆராய்ந்தார்கள். 2003-இல் வெளியான முடிவின்படி, மீண்டும் மீண்டும் கரி கொடுக்கப்பட்ட 201 பேரில் 5 பேரும், கொடுக்கப்படாத 200 பேரில் 16 பேரும் இறந்தனர். அனைவரும் மகிழ்ந்தனர். ஆனால் 2008-இல் அதே நாட்டில், பூச்சிமருந்து குடித்தவர்களையும் சேர்த்து 4,600-க்கும் மேற்பட்டோரிடம் செய்த பெரிய ஆய்வில், கரியால் இறப்பு குறையவில்லை. அவர்களுள் பலர் விழுங்கிப் பல மணி நேரம் கழித்தே மருத்துவமனையை அடைந்தவர்கள். கொடுக்கலாமா, எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. முன்பு நாம் பணியாற்றிய பங்கில் மூன்று வயதுக் குழந்தை மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டது. வீட்டார் பதறி, அடுப்புக்கரியை மோரில் கரைத்துப் புகட்டி, தொண்டையில் விரலைவிட்டு வாந்தி எடுக்க வைத்தனர். மண்ணெண்ணெயைக் கரி சரிவரப் பற்றாது. அமிலம், காரம், இரும்புச்சத்து மாத்திரை இவற்றுக்கும் அது உதவாது. வாந்தியின்போது எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்துவிட்டது. இரண்டு வாரம் மருத்துவமனையில் கிடந்து அக்குழந்தை பிழைத்தது. அந்தத் தாய் அழுதது இன்றும் எம் காதில் இருக்கிறது. ஒன்றும் கொடுக்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், 108-ஐ அழைத்து, குடித்த பொருளின் புட்டியையும் கையோடு கொண்டு சென்றிருக்க வேண்டும்.

தோலுக்கும் கரிக்கும் மெய்யான உறவு உள்ள இடத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. புற்றுநோய்ப் புண் வெடித்து நாறும் நோயாளிகளைச் சந்தித்திருக்கிறோம். வலியைக் காட்டிலும் அந்த நாற்றமே அவர்களை வாட்டும். பேரப்பிள்ளைகள் வாசற்படியோடு நின்றுவிடுவார்கள்; வந்தவர் மூக்கைச் சுளிப்பதைக் கண்டு நோயாளி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். செயலூட்டிய கரி வைத்த கட்டுத்துணி ஒன்று உண்டு. நாற்றம் தரும் வாயுவை அது பற்றிக்கொள்ளும். நனைந்துவிட்டால் பயன் குன்றும், ஆகவே மாற்ற வேண்டும். இத்தகைய நோயாளி உள்ள இல்லத்தார் மருத்துவரிடமோ செவிலியரிடமோ இதைப் பற்றிக் கேளுங்கள்.

திருமுல்லைவாயிலில் மந்திரித்து முடித்து, காப்பி அருந்த அமர்ந்தோம். பாட்டியார் வாயுத் தொல்லைக்கென்று பேத்தி வாங்கித் தந்த கரிக் குளிகையைக் காட்டினார். காலை மாத்திரைகளோடு சேர்த்தே விழுங்குகிறாராம். அம்மாத்திரைகள் இருதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரியவை. பேத்தியின் முகத்துக் கரியைக் கண்டு சிரித்த எமக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. நஞ்சைப் பற்றுவதுபோலவே மருந்தையும் கரி பற்றிக்கொண்டு வெளியே போய்விடும் என்று விளக்கினோம். பேத்தி முகத்தைக் கழுவிவிட்டு வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். குளிகைப் புட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மறுநாளே பாட்டியாரை மருத்துவரிடம் அழைத்துப் போவதாகச் சொன்னாள்.