சாயத் தண்ணீருக்கு யார் பணம் கட்டுவது?

சாலைக் கடைத்தெருவில் நாம் வாங்கும் திருப்பூர் பனியனுக்கு நொய்யல் ஆறும் விலை கொடுத்திருக்கிறது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாயிற்று. விவசாயிகள் வழக்காடினர், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700-க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. விவசாயி கேட்டது நியாயம். வேலையிழந்து தெருவுக்கு வந்த கூலிக்காரனும் நம்மவன்தானே!

இன்று பட்டறைகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நடத்துகின்றன. தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பச் சாயத்துக்கே எடுக்கின்றன. தனியாக எந்தச் சின்னப் பட்டறையால் முடியும்? செலவோ பட்டறைக்காரர் தலையில். அவர் அதைக் கூலியில்தான் பிடிக்கப் பார்ப்பார். 'கூட்டு முயற்சி' பேசும் வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகளின் பங்கு எங்கே? பெண் தொழிலாளர் பாதுகாப்புக்கான 2022 திண்டுக்கல் ஒப்பந்தத்தில் எச் அண்ட் எம் கம்பெனி கையெழுத்திட்டது, தொழிற்சங்கம் விடாமல் நின்றதால். சாயநீர்ச் செலவுக்கும் அப்படியே எழுத்தில் வாங்க வேண்டும். அந்த மேஜையில் தொழிலாளிக்கும் நொய்யல் விவசாயிக்கும் நாற்காலி போடச் சொல்கிறோம்.