பாட்டு பாடும், படகு ஓடுமா?

அமெரிக்க ஏரிகளில் வேக்போர்டு படகுக்காரர்கள் அடிக்கும் கூத்து இருக்கிறதே... கயிற்றைப் பிடித்துக்கொண்டு 20 மீட்டர் பின்னால் சறுக்கி வருபவருக்கும் பாட்டு கேட்க வேண்டுமாம்! அதற்காக டவரில் நாலு ஸ்பீக்கர். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். ஆகவே பெரிய ஆம்ப்ளிஃபயர்.

சரி, அவர்கள் காசு, அவர்கள் ஆசை. ஆனால் ஒயரில் மட்டும் ஏன் கஞ்சத்தனம்?

இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகக் கோர்த்தால் 2 ஓம். ஆம்ப் அதைத் தாங்குமா என்று பார்ப்பதில்லை. பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் போடுவதில்லை. "ஆம்ப்பிலேயே ஃபியூஸ் இருக்கிறதே" என்று சமாதானம் வேறு! வழியில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸ் என்ன செய்யும்? பெட்ரோல் டேங்க் இருக்கும் படகு சாமி இது!

இன்ஜினை நிறுத்திவிட்டு, அதே பேட்டரியில் மணிக்கணக்காகப் பாட்டு. அப்புறம் சாவியைத் திருப்பினால் 'டிக்'. நடு ஏரியில் தள்ளிவிட ஆள் கிடைக்குமா? பாட்டுக்குத் தனி பேட்டரி, பிறகு ஸ்பீக்கர். இந்த வரிசையில் செலவு செய்யத் தெரியாதவர்கள் துடுப்பு வாங்கி வைத்துக்கொள்ளட்டும்!