ஒன்றரை அங்குலக் கத்தி

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்து, பந்தியும் முடிந்து, விடைபெற்றுக் கொள்ள வந்தவர்கள் வாசலில் வரிசையாக நின்று கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டிய தாம்பூலப் பைகள் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. மணமகனின் சித்தப்பா முதல் பெட்டியோடு மல்லுக்கு நின்று கொண்டிருந்தார். பெட்டியைச் சுற்றி மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று இறுகக் கட்டப்பட்டிருந்தது. முதலில் நகத்தால் முயன்று பார்த்தார். பிறகு ஸ்கூட்டர் சாவியால். கடைசியில் பல்லால். அவருடைய முன்பற்கள் நாலும் கட்டிய பற்கள் என்பது எனக்குத் தெரியும்.

நான் எழுந்து போய், ஜேபியிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, அதில் தொங்குகிற சிறு கருவியை விரித்துப் பட்டையை நறுக்கென்று வெட்டினேன். இரண்டு விநாடி வேலை. ஒரு நன்றி வரும் என்று நினைத்தது என் தப்புத்தான்.

"ஏன் ஸார், எப்போதும் கத்தியும் கையுமாகத்தான் திரிவீர்களோ?" என்றார் சித்தப்பா.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், தம் குழந்தையைக் கையைப் பிடித்துத் தம் பக்கம் இழுத்துக் கொண்டார். சித்தப்பாவின் கேலியை நான் மறந்து விட்டிருப்பேன். அந்த அம்மாள் குழந்தையை இழுத்துக் கொண்டதைத்தான் மறக்க முடியவில்லை. அதனால்தான் இந்தச் சண்டைக்கு வருகிறேன்.

அப்படி என்ன பயங்கர ஆயுதம் அது? மடக்கி வைத்தால் 58 மில்லிமீட்டர்; என் சுண்டுவிரல் அளவு. எடை 20 கிராமுக்குச் சற்று அதிகம். உள்ளே ஒன்றரை அங்குல அலகு ஒன்று, குட்டிக் கத்தரிக்கோல் ஒன்று, நகம் ராவும் அரம் ஒன்று. அரத்தின் நுனி சின்னத் திருப்புளி. பக்கவாட்டில் செருகியிருப்பவை பல்குத்தும் குச்சியும் முள்வாங்கியும். இதை வைத்துக் கொண்டு ஒரு மனிதனைப் பயமுறுத்த வேண்டுமானால் முதலில் அவனுக்கு மூக்குக்கண்ணாடி மாட்டி விட வேண்டும்.

இதைச் சீமைச் சரக்கு, சீமைப் பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். சீமைச் சரக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் பழக்கம் நம்முடையது. எங்கள் தாத்தாவின் அரைஞாணில் ஒரு வெள்ளி வளையம் தொங்கும். அதில் முள்வாங்கி, குறும்பிவாங்கி, பல்குத்தி மூன்றும் கோத்திருக்கும். மடியில் சுருட்டிய வெற்றிலைப் பையில் பாக்குவெட்டி. காலில் முள் தைத்த பிள்ளைகளெல்லாம் தெருவில் அவரைத் தேடி வருவார்கள். அவரைப் பார்த்து யாரும் குழந்தையை இழுத்துக் கொண்டதில்லை. குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்கள். பேனாக்கத்தி என்ற சொல்லையே எடுத்துக் கொள்ளுங்கள். இறகுப் பேனாவின் முனையைச் சீவிக் கொள்ள வைத்திருந்த கத்தி அது. எழுதத் தெரிந்தவன் கையில் இருந்த கத்தி! என் பள்ளி நாட்களில்கூட, பென்சில் சீவுவதற்காகப் பாதி பிளேடைக் காகிதத்தில் மடித்து ஜாமெட்ரிப் பெட்டியில் வைத்திருக்காத பிள்ளை கிடையாது. விரலை அறுத்துக் கொண்டோம், பென்சிலும் சீவினோம்.

சீமைக் கதையும் ரவுடிகளின் கதை அல்ல. ஸ்விட்ஸர்லாந்தில் ஈபாக் என்ற ஊரில் கார்ல் எல்ஸெனர் என்பவர் 1884-ல் ஒரு கத்திப் பட்டறை வைத்தார். அந்த நாட்டுச் சிப்பாய்களுக்கு அப்போது ஒரு புதுத் துப்பாக்கி வந்திருந்தது. அதைக் கழற்றித் துடைக்கத் திருப்புளி வேண்டும். தகர டப்பாவில் வந்த சாப்பாட்டைத் திறக்க ஒரு கொக்கி வேண்டும். ரொட்டி நறுக்க அலகு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பிடியில் மடக்கி வைத்த கத்தியை 1891-ல் எல்ஸெனர் சைனியத்துக்குச் செய்து கொடுத்தார். 1897-ல் அதைவிட இலேசான, நேர்த்தியான கத்தி ஒன்றைப் பதிவு செய்தார். இன்று உலகமெல்லாம் சாவிக்கொத்தில் தொங்குவன அதன் பேரப் பிள்ளைகள். 1909-ல் அவருடைய தாயார் காலமானபோது, அந்த அம்மாள் பெயரான விக்டோரியாவையே தம் சரக்குக்குச் சூட்டினார். துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகு, 1921-ல், அதற்குரிய பிரெஞ்சுச் சொல்லின் ஒரு துண்டும் சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆயிற்று. பெற்ற தாயின் பெயரை யாராவது கொலைக் கருவிக்கு வைப்பார்களா?

அமெரிக்கரான டிம் லெதர்மேன் கதை இன்னும் வேடிக்கை. 1975-ல் அவரும் மனைவியும் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார்கள். கார் மக்கர் செய்யும். தங்கிய விடுதிகளில் குழாய் ஒழுகும். ஜேபியில் கத்தி இருந்தது, குறடு இல்லை. ஊர் திரும்பியதும் குறடும் கத்தியும் சேர்ந்த கருவி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார். அது விலைக்கு வர 1983 ஆயிற்று. எட்டு வருஷம்! ஒழுகிய குழாயை விடுதிக்காரன் பாடு என்று விட்டு விடாத மனிதர் ஒருவரால் வந்த கருவி அது.

இனிமேல் பயத்துக்கு வருகிறேன். பயம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு விமானத்துக்குள் கத்தி கூடாது என்று ஆயிற்று. 2013 மார்ச்சில் அமெரிக்க அதிகாரிகள் சின்னக் கத்திகளை மட்டும் மறுபடி அனுமதிக்கலாம் என்று அறிவித்தார்கள். விமானப் பணியாளர்கள் பலமாக எதிர்த்தார்கள்; ஜூனில் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். இதில் நான் பணியாளர்கள் கட்சி. முப்பதாயிரம் அடி உயரத்தில் மூடிய அறையில் வேலை செய்கிறவர்கள் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். ஒரு முறை மறதியால் சாவிக்கொத்தோடு விமான நிலையத்துக்குப் போய், என் கருவி அங்கிருந்த பெட்டியில் விழுந்ததைப் பார்த்துக் கொண்டு நின்றிருக்கிறேன். தப்பு என்னுடையது.

ஆனால் விமானத்தின் சட்டத்தை வீட்டு முற்றத்துக்குக் கொண்டு வருவானேன்? நம் நாட்டு ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியைத்தான் ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. சட்டம் பயப்படாத ஒன்றரை அங்குலத்துக்குக் கல்யாணக் கூடம் பயப்படுகிறது! பல தேசங்களில் கெடுபிடி ஏறிக் கொண்டே போகவே, அலகே இல்லாத கருவி ஒன்றைச் செய்து வருவதாக 2024-ல் அந்த ஸ்விஸ் கம்பெனியே சொல்லிற்று. அரிவாள்மனை இல்லாத சமையலறையை நினைத்துப் பார்க்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கருவிகளுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுப்பவர்களில் பாதிப் பேர் இவற்றின் பக்தர்கள். இடுப்பில் ஒன்று, பையில் ஒன்று, காலணியில் ஒன்று என்று வைத்துக் கொண்டு, எஃகின் ஜாதகத்தை ஒப்பித்து, தினம் எண்ணெய் போட்டுத் துடைத்து, கடைசி வரையில் ஒரு பொட்டலம்கூடப் பிரிக்காத மகானுபாவர்களை நான் அறிவேன். அவர்களுக்காக நான் பரிந்து பேசவில்லை. நடைபாதையில் விற்கும் போலிச் சரக்குக்காகவும் பேசவில்லை. அதன் திருப்புளி திருகாணியை விட முதலில் வளையும். அலகு திடீரென்று விரலை நோக்கி மடங்கும். அதற்கு வெறுங்கையே மேல்.

பயத்தைவிடப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது. "அதற்கெல்லாம் ஆள் இருக்கிறான் ஸார்" என்ற வாக்கியம் அது.

குக்கர் கைப்பிடி ஆடுகிறது. இரண்டு சுற்றுச் சுற்றினால் நின்று விடும். ஆனால் மூன்று மாதமாக ஆடிக் கொண்டே சமையல் நடக்கிறது, ஆள் வரட்டும் என்று. மூக்குக்கண்ணாடியின் திருகாணி தளர்ந்தால், படித்துப் பட்டம் பெற்றவர் அதை நூலால் கட்டிக் கொண்டு ஒரு வாரம் காரியாலயம் போகிறார். பேரனின் பொம்மைக்கு பாட்டரி மாற்ற அதன் மூடியில் ஒரே ஒரு திருகாணி. அதற்குள் பேரனுக்கு வயதாகி விடுகிறது. கடைசியில் ஆள் வருகிறான். இரண்டு நிமிஷத்தில் முடித்து விட்டுக் கூலி கேட்கிறான். "இதற்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறோம். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், அவனுக்கென்று வைத்திருக்கும் டம்ளரைத் தேடிக் கொண்டு வந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. திருகாணி முடுக்கத் தெரியாதது நமக்கு ஒரு குறையாகத் தோன்றுவதில்லை; ஓர் அந்தஸ்தாகத் தோன்றுகிறது. சித்தப்பா என்னைக் கேலி செய்தது கத்திக்காக அல்ல என்பது என் சந்தேகம். அவர் வரையில், பெட்டியைப் பிரிப்பது சமையற்காரரின் பையன் செய்ய வேண்டிய வேலை.

வேலையாளுக்கு வருமானம் போகுமே என்று என் நண்பர் ஒருவர் வாதிட்டார். தச்சரும் எலெக்ட்ரீஷியனும் பிழைக்கத் தக்க வேலைகள் நம் வீடுகளில் எவ்வளவோ இருக்கின்றன. அவற்றுக்கு அவர்களை மரியாதையாகக் கூப்பிட்டுக் கேட்ட கூலியைக் கொடுப்போம். கண்ணாடித் திருகாணியால் யாருடைய குடும்பமும் வாழவில்லை.

நான் மட்டும் பிறவியிலேயே கருவியோடு வந்தவன் என்று எண்ணி விடாதீர்கள். ஆறு வருஷத்துக்கு முன்பு வரையில் என் சாவிக்கொத்தில் சாவிகள்தாம் இருந்தன.

ஒரு நாள் சாயங்காலம் எங்கள் தெருமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் திடீரென்று சாய்ந்தது. தகப்பனாருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த பெண்ணுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். அவளுடைய துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்கிச் சுற்றிக் கொண்டு விட்டது; அது கழுத்தை இறுக்கிற்று. பத்துப் பதினைந்து பேர் ஓடினோம். நன்றாக உடுத்தியவர்கள், நல்ல வேலையில் இருக்கிறவர்கள். ஆளாளுக்குத் துணியைப் பிடித்து இழுத்தோம். இழுக்க இழுக்க இறுகிற்று. யாரோ "கத்தி, கத்தி" என்று கத்தினார்கள். எல்லோரும் ஜேபியைத் தடவினோம். எத்தனை கைபேசிகள்! என் ஜேபியில் பேனாவும் இருந்தது. எழுத்தாளன் அல்லவா? அந்தப் பெண்ணின் முகம் நிறம் மாறுவதைப் பார்த்துக் கொண்டு பேனாவோடு நின்றேன்.

மரத்தடியில் செருப்புத் தைத்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக் கொண்டு வந்தார். "இழுக்காதீங்க சாமி, தலையைத் தூக்கிப் பிடிங்க" என்றார். தோல் அறுக்கும் கத்தியைத் துணிக்கும் கழுத்துக்கும் நடுவே தம் விரலை அணையாக வைத்து நுழைத்து, ஒரே அறுப்பு. பெண் மூச்சு வாங்கினாள். பெரியவரின் விரலில் இரத்தம் வந்தது. அதை வேட்டியில் துடைத்துக் கொண்டு மரத்தடிக்குத் திரும்பி விட்டார். நாங்கள் யாரும் அவருக்கு ஒரு துணித்துண்டு கூடக் கொடுக்கவில்லை. கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியபோது வீடு வந்து விட்டது.

அடுத்த வாரம் என் கருவியை வாங்கினேன். அதன் கத்தரிக்கோல் குட்டிதான். ஆனால் துப்பட்டாவை வெட்டும். பழைய துணியில் வெட்டிப் பார்த்து விட்டுத்தான் சாவியோடு கோத்தேன். இந்த ஆறு வருஷத்தில் அதற்கு அப்படியொரு வேலை வரவில்லை. மாத்திரை அட்டை, மாம்பழம், கண்ணாடித் திருகாணி, காலில் கண்ணாடிச் சில்லு என்றுதான் வந்திருக்கிறது.

கல்யாண வீட்டுக் கதையை முடிக்கவில்லையே. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு நான் என் நாற்காலிக்குத் திரும்பினேன். முதல் பெட்டியிலிருந்த பைகள் தீர்ந்தன. வாசலில் வரிசை இன்னும் நின்றது. சித்தப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். சமையற்காரரின் பையனைக் காணோம். மெதுவாக என் பக்கம் வந்து குனிந்தார்.

"ஸார், அந்தக் கத்தியைக் கொஞ்சம் கொடுங்கள். இன்னும் நாலு பெட்டி இருக்கிறது."

கொடுத்தேன். சாவிகளைக் கழற்றாமலே கொடுத்தேன்; கருவி திரும்பி வர வேண்டாமா?