சுருங்குவது இணைப்பு மட்டுமா?

புற்றுநோய் கண்ட உணவுக்குழாயை அகற்றி, இரைப்பையைக் குழாயாக்கி மேலே இழுத்து இணைக்கிறார்கள். அவ்விணைப்பு பின்னர் சுருங்கினால், 'நோயாளி தாமதமாக வந்தார்' என்று பழியை அவர் தலையிலேயே சுமத்துவது நேர்மையற்ற வாதம்.

இழுக்கப்பட்ட இரைப்பையின் நுனிக்கு இரத்தம் குறைவு. இணைப்பில் கசிவு நேர்ந்தால், ஆறும்போது தழும்பு இறுகும். மேலேறும் அமிலம் அதை மேலும் புண்ணாக்கும். இரத்த ஓட்டத்தைக் காப்பதும், இழுவிசையின்றி இணைப்பதும், விட்டம் மிகக் குறைந்த ஸ்டேப்ளரைத் தவிர்ப்பதும் அறுவை மருத்துவரின் பொறுப்பு. அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சொன்ன காலம்வரை விடாமல் உண்பதும், சோறு இறங்க மறுத்தவுடன் திரும்பி வருவதும் நோயாளியின் பங்கு.

அந்தப் பங்கை அவருக்கு யார் சொன்னார்கள்? இந்நோய் மிகுந்த மேகாலயத்தின் காசி மலைகளிலிருந்து வருபவருக்கும் டிஸ்சார்ஜ் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கிடைக்கிறது. 'ஸ்ட்ரிக்சர்' என்ற சொல் அதில் இருந்தாலும் அவருக்கு அது வெறும் மை. சோறு தடைபட்டால் கஞ்சிக்கு மாறுகிறார். கஞ்சியும் தடைபட்டால் நீருக்கு. அறுவைக்குப் பின் இது இயல்பென்றே நம்புகிறார். எடை கரைகிறது.

'வாய்மொழியாக விளக்கினோம்' என்பார்கள். எந்த மொழியில்? எண்டோஸ்கோப்பி வழியே பலூன் செலுத்தி விரித்துவிடக்கூடிய தடை இது. சிலருக்குப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவே. அதைக் காசி மொழியில் எழுதித் தர இரண்டு வரி போதும்.