'பரவாயில்லை' என்று யாருக்குச் சொல்கிறீர்கள்?

இது நீளமான பதிவு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்காதீர்கள், பொங்கிவிடும். கோபத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. தன்னைத்தான் சொல்கிறேனோ என்று யாருக்காவது தோன்றினால், ஆமாம், உங்களைத்தான்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பிஞ்சின் படம் வந்தது. பிறந்து ஒரு நாள்தான் ஆகிறது. அந்த வீட்டுக்கு இரண்டாவது பெண். படத்துக்குக் கீழே வந்த பதில்களை உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்துநாலு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவளுக்கு வேறென்ன வேலை? மொத்தம் 31. அதில் 9 பேர் 'பரவாயில்லை' என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். 'பரவாயில்லை, மகாலட்சுமி வந்திருக்கா.' 'பரவாயில்லை, அடுத்தது சிங்கக்குட்டிதான்.' ஒருவர் கைகூப்பும் பொம்மையைப் போட்டு, 'இப்பவே சேக்க ஆரம்பிச்சிருங்க மாப்ள, தங்கம் விக்கிற விலைக்கு' என்று எழுதியிருந்தார்.

பஸ்ஸைத் தவறவிட்டவனிடம் பரவாயில்லை என்று சொல்வோம். மார்க் குறைந்த பிள்ளையிடம் சொல்வோம். குழம்பில் உப்புக் கம்மி என்றால் சொல்வோம். சுகப்பிரசவமாகி, தாயும் பிள்ளையும் நலமாக இருக்கும் வீட்டில் என்ன பறிபோய்விட்டது என்று பரவாயில்லை? ஆண் பிள்ளை பிறந்த படத்துக்குக் கீழே இந்தச் சொல்லை ஒருவராவது எழுதியிருக்கிறீர்களா? அதையும் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

தையல் போட்ட வலியோடு படுத்துக்கிடக்கும் ஒருத்தி அந்தக் குழுவில்தான் இருக்கிறாள். அவள் கையிலும் போன் இருக்கிறது.

எனக்கும் இரண்டு பெண்கள்தான். 1983-இல் ஒருத்தி, 1986-இல் ஒருத்தி. நான் எழுதுவது வீட்டில் இரண்டு சின்னப் பெண்களோடு வாழ்ந்தவள் என்ற உரிமையில். திருமங்கலத்தில் வாடகை வீடு. காலையில் இரண்டு தலை, நான்கு சடை, நான்கு ரிப்பன். ஒருத்திக்குப் பின்னும்போது இன்னொருத்தி அவிழ்த்துக்கொள்வாள். ஏழரைக்குள் சோறும் குழம்பும் இறக்கி, நான்கு பாத்திரத்தில் அடைத்து, எட்டரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சாயங்காலம் கரண்ட் போய்விடும். அரிக்கேன் விளக்கைச் சுற்றி மூன்று பேரும் உட்காருவோம். ஒருத்தி வாய்ப்பாடு சொல்வாள், ஒருத்தி சுவரில் நிழல் மான் விடுவாள், நான் காலாண்டுத் தாள் திருத்துவேன். ஒருநாள் நான் எழுந்து போன நேரத்தில் சின்னவள் சிவப்புப் பேனாவை எடுத்து, 23 மார்க் வாங்கிய ஒரு பையனின் தாள் முழுக்கச் சரி, சரி என்று போட்டுவைத்துவிட்டாள். அந்தப் பையனும் இதைப் படிப்பான். தம்பி, அன்றைக்கு உனக்குக் கிடைத்த அத்தனை 'சரி'யும் மூன்று வயதுக்காரி போட்டது.

களைப்பு இல்லாமல் இல்லை. இரண்டுக்கும் ஒரே வாரத்தில் அம்மை போட்டிருக்கிறது. ஒரே ஸ்லேட்டுக்காக நடந்த யுத்தங்களைத் தீர்த்துவைக்க நான் நீதிபதியாகவே போயிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் ஒரு குறை இருந்தது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. குறை வெளியிலிருந்துதான் வந்தது. கொண்டுவந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள், நம் மேல் பாசம் உள்ளவர்கள். அதுதான் சிக்கலே.

'அடுத்த வீட்டுக்குப் போற புள்ள, சத்தமா சிரிக்காத.' 'போற எடத்துல எங்க பேரக் கெடுத்துராத.' வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் பெரியவளிடம் இதைச் சொல்வார்கள். அவளுக்கு ஆறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பிஸ்கட் டின் ஒன்றில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கவுன், பாதி தேய்ந்த அழிரப்பர், தங்கையின் பழைய கிலுகிலுப்பை. என்னடி இது என்றேன். 'அந்த வீட்டுக்கு எப்பம்மா போகணும்?' என்று கேட்டாள். கிலுகிலுப்பை எதுக்கு என்றதற்கு, 'அங்க பாப்பா இருக்க மாட்டாள்ல' என்றாள்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு வழக்குச்சொல் தெரியாது. சொன்னால் சொன்னபடி எடுத்துக்கொள்ளும். இது உன் வீடு இல்லை என்று நாம் சொன்னோம், அவள் மூட்டை கட்டினாள். 'சும்மா விளையாட்டுக்குச் சொல்றதுதானே மதினி' என்பீர்கள். அதே விளையாட்டை உங்கள் பேரனிடம் ஒரு வாரம் விளையாடிப் பாருங்கள். இது உன் வீடில்லடா, பெண் எடுக்கிற வீட்டில்தான் நீ கடைசி வரை இருக்கணும் என்று தினமும் சொல்லுங்கள். மூன்றாம் நாள் அவன் அம்மா உங்களோடு சண்டைக்கு வருவாள்.

இனி பணத்துக்கு வருகிறேன். உங்கள் கவலை எல்லாம் அதுதான் என்று தெரியும். கிண்டல் செய்ய மாட்டேன்; வரதட்சணை கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1961-லேயே தடைச்சட்டம் வந்தும் 'உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறது' என்ற புதுப் பெயரில் கேட்கிறார்கள். பெற்றவர்களின் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு நீங்கள் கண்டுபிடித்த மருந்து தப்பு. நான்கு வயதுப் பெண்ணின் பேரில் நகைச்சீட்டு கட்டுகிறீர்கள். செய்கூலி, சேதாரம் கொடுத்து ஒரு நகை வாங்கிப் பெட்டியில் வைக்கிறீர்கள். இருபது வருஷம் கழித்து மாடல் பழசாகிவிட்டது என்று அதை மாற்றும்போது மறுபடியும் ஒரு செய்கூலி, மறுபடியும் ஒரு சேதாரம். அதற்கு நடுவில் அவளுக்குப் பதினெட்டு வயதாகும்போது காலேஜ் ஃபீஸுக்குப் பணம் இல்லை, 'பக்கத்துலயே ஏதாச்சும் டிகிரி படிம்மா' என்கிறீர்கள். பெட்டியில் நகை தூங்குகிறது. இப்படி நல்ல மார்க் எடுத்தும் வீட்டோடு நின்றுபோனவர்களை என் வகுப்பிலிருந்தே எண்ணிச் சொல்வேன். சிலர் இதைப் படித்துக்கொண்டும் இருப்பார்கள்.

செல்வமகள் கணக்கு வைத்திருக்கிறேன் டீச்சர் என்று பலரும் சொல்கிறீர்கள், சந்தோஷம். எதற்கு என்று கேட்டால் கல்யாணத்துக்கு என்கிறீர்கள். பாஸ்புக்கை மட்டும் பார்க்காமல் விதியையும் படியுங்கள். 2015-இல் வந்த திட்டம். பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும், வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு ஓடும். பதினைந்து வருஷம் கட்டினால் போதும். தொடங்கியதிலிருந்து இருபத்தோராவது வருஷம் முதிரும். அவள் பத்தாம் வகுப்பு முடித்தாலோ பதினெட்டு வயதானாலோ, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரை மேற்படிப்புக்கு எடுக்கலாம். பதினெட்டு வயதானதும் கணக்கை நடத்தும் உரிமையும் அவள் கைக்கு வந்துவிடுகிறது. இது அவள் பணம். மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்கள் கட்டிவைக்கும் முன்பணம் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

அரசாங்கமே இந்தக் கணக்கைத் திருத்திக்கொண்டது, நாம்தான் பழைய விடையையே எழுதிக்கொண்டிருக்கிறோம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேரில் 1989-இல் திருமண உதவித் திட்டம் வந்தது நினைவிருக்கும். எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5000 ரூபாய். பிறகு 2011-இல் தாலிக்கு 4 கிராம் தங்கம், 2016-இல் அது 8 கிராம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணத்துக்காகவாவது எட்டாம் வகுப்பு வரை அனுப்புவோம் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த தகப்பன்மார்களை நானே பார்த்திருக்கிறேன். 2022-இல் அதே அம்மையாரின் பேரிலேயே அந்தத் திட்டத்தைப் படிப்புக்கு மாற்றிவிட்டார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய், நேராக அவள் வங்கிக் கணக்குக்கு. புதுமைப்பெண் என்று பெயர். தொடங்கிய நாள் செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். எனக்கு அன்றைக்கு யாரும் பூங்கொத்து தரவில்லை. செய்தியைப் பார்த்ததே போதுமென்று இருந்தது.

அதே 1989-இல் இன்னொன்றும் நடந்தது. அதை மட்டும் நம் ஊரில் யாரும் பேசவே மாட்டேன் என்கிறீர்கள். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகனுக்குள்ள அதே உரிமை மகளுக்கும் பிறப்பிலேயே உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அப்போது கல்யாணமாகியிருந்த பெண்களுக்கு மட்டும் அது கிடையாது. 2005-இல் நாடு முழுக்க வந்த திருத்தம் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேதத்தையே எடுத்துவிட்டது. 2005-க்கு முன்னாலேயே தகப்பன் இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்யாண உதவித்தொகை பற்றி ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. சொத்துரிமை பற்றி ஒரு அத்தைக்கும் தெரியவில்லை, எப்படி?

தெரியாமல் இல்லை. தகப்பனார் காரியம் முடிந்த கையோடு தங்கச்சியைச் சார்பதிவாளர் ஆபீசுக்குக் காரில் கூட்டிப்போய், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, ஹோட்டலில் சாப்பாடும் வாங்கிக் கொடுத்து அனுப்பும் அண்ணன்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. 'ஒனக்குத்தான் சீர் செஞ்சாச்சே' என்று ஒரு வரி. பிறந்த அன்றைக்கே 'சேக்க ஆரம்பிச்சிருங்க' என்று சொல்வதன் மறுமுனை இதுதான். முதலில் அவளைச் செலவுப் பத்தியில் எழுதுகிறோம். முப்பது வருஷம் கழித்து அந்தச் செலவைக் காட்டிப் பங்கைக் கழிக்கிறோம். ஆறு வயதில் டின்னில் சாமான் அடுக்கியவள், நாற்பது வயதில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வாள்?

'அடுத்தது சிங்கக்குட்டி'க்காரர்களுக்கு அதிகம் எழுதப் போவதில்லை. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பன் தரும் குரோமோசோம். இது பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது, உங்களில் பாதிப் பேர் அந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுதி மார்க் வாங்கியவர்கள். 1981 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 967 பெண் பிள்ளைகள். 2011-இல் 943. கருவில் பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்தும் இந்த நிலைமை. நீங்கள் விளையாட்டாக எழுதும் ஒரு வரி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவளுக்கு மூன்றாவது பிரசவத்துக்கான உத்தரவு. அவள் உடம்பில் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று உங்களில் யாராவது விசாரித்தீர்களா?

என்னிடம் படித்து, இப்போது பெண் பிள்ளைகளின் அப்பாக்களாக இருக்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தப் பேச்சு வரும்போது நீங்கள் சிரித்து மழுப்புகிறீர்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசும் வேலையை மனைவியின் தலையில் கட்டாதீர்கள். சொன்னது உங்கள் சித்தி, உங்கள் பெரியப்பா. நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். மரியாதையாகவே சொல்லலாம். 'எங்களுக்கு ரெண்டு போதும் சித்தி, இனிமே பாப்பா முன்னாடி இதைப் பேசாதீங்க.' இவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். ஆனால் அந்த பிஸ்கட் டின் விஷயத்தை நான் சொன்ன அன்று சாயங்காலம் தன் அக்காவிடம் போய் இதைத்தான் சொன்னார். அவர்களுக்கு இரண்டு மாதம் கோபம் இருந்தது. அப்புறம் தீபாவளிக்கு வந்தார்கள்.

பொங்கலுக்கு எல்லாரும் வீட்டுக்கு வருகிறீர்கள். பேத்திகள் நான்கு பேரும் இருப்பார்கள், பெரியவளுக்கு ஒன்பது வயது, எல்லாம் காதில் விழும். 'போற எடம்', 'கரை சேக்கறது' என்று யாராவது ஆரம்பித்தால் சாப்பாட்டில் குறை வைக்க மாட்டேன். ஆனால் பதில், பிள்ளைகள் முன்னாலேயே, பந்தியில் வைத்தே கிடைக்கும். வரும்போது அவரவர் பெண்ணின் செல்வமகள் பாஸ்புக்கையும் எடுத்து வாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு நானே பார்த்துத் தருகிறேன்.